காளான் பலகையைச் சுவரில் மாட்டுவோம்

காளானில் நாற்காலி, காளானில் மேசை என்று படத்தோடு செய்தி வரும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "உட்கார்ந்தால் தாங்குமா?" கோவையில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் இன்டீரியர் வேலை செய்பவன் என்ற முறையில் நான் சொல்வது இது: கட்டிலும் நாற்காலியும் மரத்திலேயே இருக்கட்டும். சுவருக்கும் கூரைக்கும் காளான் பலகையைக் கேளுங்கள். அங்கேதான் அதன் தேவை அதிகம்.

புதிதாகச் செய்த அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, பெரும்பாலும் அது ஃபார்மால்டிஹைடு. நாம் புழங்கும் ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் ஆகியவற்றில் பெரும்பகுதி யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்படுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று ஃபார்மால்டிஹைடை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. ஈ-1, ஈ-0 என்று முத்திரை குத்திய பலகைகளில் இந்த வாயு குறைவு, விலை அதிகம். வாடகைக் காலம் முடிந்து ஓர் அலுவலகம் காலியாகும்போது பார்ட்டிஷனும் ஃபால்ஸ் சீலிங்கும் சுத்தியலால் உடைக்கப்பட்டு மினி லாரியில் ஏறுகின்றன. பசையும் லேமினேட்டும் ஏறிய அந்தப் பலகை எருவாக மட்காது. எரித்தால் நச்சுப் புகை. சில ஆண்டுகளே பயன்படும் வேலைக்கு, பல தலைமுறைக்குக் கெடுதல் செய்யும் பொருளைப் போடுகிறோம்.

காளான் பலகைக்குப் பசையே வேண்டாம். சிப்பிக் காளான் வளர்ப்பவர்களின் குடிலுக்குள் போனால் காரணம் தெரியும். ஊறவைத்து வேகவைத்த வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காகப் பாலித்தீன் பையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். 15, 20 நாளில் பை முழுக்க வெளுத்துவிடும். காளான் மொட்டு விடுமுன் அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு வைக்கோலைத் தனியே உருவ முடியாது. இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து பிய்ந்து வரும். பூசண இழைகள் ஒவ்வொரு துணுக்கையும் அடுத்ததோடு தைத்திருக்கும். அந்த இழைகளின் சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். பலகை செய்பவர்கள் பைக்குப் பதிலாக அச்சில் நிரப்புகிறார்கள். இழை பரவியதும் எடுத்து அடுப்பில் உலர்த்துகிறார்கள். சூட்டில் பூசணம் இறந்துவிடும், பிறகு வளராது. பலகை தெர்மாகோல் போல லேசாக இருக்கும்.

2014-இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 கலை அரங்க முற்றத்தில் டேவிட் பெஞ்சமினின் 'தி லிவிங்' நிறுவனம் எழுப்பிய 'ஹை-ஃபை' கோபுரம், பூசணம் பிணைத்த பொருளால் கட்ட முடியும் என்பதற்குப் பெரிய சான்று. சோளத்தட்டையில் பூசணம் வளர்த்துச் செய்த சுமார் 10,000 செங்கற்கள், ஏறக்குறைய 40 அடி உயரம். கோடை முடிந்ததும் பிரித்து உரமாக்கினார்கள். மரச்சாமான் பக்கம் நான் மதிப்பது பிரிட்டனின் செபாஸ்டியன் காக்ஸும் நினெலா இவானோவாவும் 2017-இல் செய்த முக்காலிகளையும் விளக்குகளையும். மெல்லிய மரச் சீவல்களால் கூடு பின்னி, அதற்குள் பூசணத்தை வளர்த்தார்கள். மரத்தையும் காளானையும் கூட்டாளிகளாக்கிய விவேகம் அது. 2016-17 கொச்சி பினாலே கலை விழா சமயத்தில் கொச்சியிலும் மரச் சட்டத்தின் மேல் தென்னைநார்த் துகளில் பூசணம் வளர்த்து ஒரு கூடாரம் அமைத்தார்கள்.

நம் ஊரில் முதல் இடம் ஒலித்தடுப்புப் பலகைக்குத்தான். தரையில் டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி, மேலே ஜிப்சம் என்று கட்டிய கூட்ட அறையில் நாலு பேர் பேசினால் வார்த்தை எதிரொலித்துக் குழம்புகிறது. அதை அடக்க இப்போது ஃபோமும் பாலியஸ்டர் பலகையும் கண்ணாடிக் கம்பளியும் வாங்குகிறோம். துளைகள் நிறைந்த காளான் பலகை ஒலியை உறிஞ்சும். வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. இத்தாலியின் மோகு நிறுவனம் இத்தகைய சுவர்ப் பலகைகளைச் சந்தையிலேயே விற்கிறது.

தண்ணீர்தான் இதன் பலவீனம். ஈரத்தை உறிஞ்சி ஊதும். குளியலறை, சமையல் மேடை, மழை அடிக்கும் வெளிச்சுவர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. உள்ளே இருப்பது வைக்கோலும் மரத்தூளும்தான் என்பதால் கரையானுக்கு எதிராகவும் சோதித்தே ஆக வேண்டும். ஈரத்துக்குப் பயந்து மேலே பிளாஸ்டிக் லேமினேட் ஒட்டினால் மட்கும் குணம் போய்விடும். அப்படி ஒட்டியதைப் 'பசுமை' என்று விற்பது ஏமாற்று வேலை.

பொள்ளாச்சி பக்கம் கயிறு ஆலைகளில் தென்னைநார்க் கழிவு மலைபோல் குவிகிறது. அதைச் சிப்பிக் காளான் பூசணத்தைக் கொண்டு மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல காலமாகக் கற்றுத் தருகிறது. அங்கே பூசணம் கழிவைச் சிதைக்கும்வரை விடுகிறோம். பலகைக்கு, அது பிணைத்த கட்டத்தில் நிறுத்தி உலர்த்துகிறோம். வித்து இருக்கிறது, கழிவு இருக்கிறது, ஈரத்தையும் சூட்டையும் கணித்துப் பையைக் காக்கத் தெரிந்த காளான் விவசாயிகளும் இருக்கிறார்கள். இல்லாதவை அச்சு, உலர்த்தும் அடுப்பு, நம் மழைக்கும் கரையானுக்கும் சோதித்த சான்றிதழ்.

இந்த மூன்றையும் அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கொடுக்க வேண்டும். முதல் வாடிக்கையாளராக அரசே இருக்கட்டும்: பள்ளி அரங்குகளிலும் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அறைகளிலும் இந்தப் பலகையை மாட்டிப் பார்க்கட்டும். வீடு கட்டுகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை உள்வேலைக்கு ஆள் அமர்த்தும்போது, சுவரில் அடிக்கப் போகும் பலகையில் என்ன பசை இருக்கிறது, பிரித்தபின் அது எங்கே போகும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால்தான் நாங்கள் மாற்றுப் பொருளைத் தேடுவோம்.