தற்காலிகம் என்னும் பொய்

கொழும்பு மாநகரில் குப்பைக்கும் குழந்தைக்கும் அதிகார வர்க்கம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது: 'தற்காலிகம்'.

கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டால் மேட்டில் குப்பை கொட்டுவது 2009இல் நிறுத்தப்பட்டபோது, நகரெல்லையை ஒட்டிய மீதொட்டமுல்ல தற்காலிக இடமாகவே குறிக்கப்பட்டது. அந்தத் தற்காலிகம் எட்டாண்டு வளர்ந்து மலையாகி, 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, ஏழைகளின் வீடுகள்மேல் சரிந்தது. மாண்டோர் 32 பேர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். உயிர் தப்பிய குழந்தைகள் பாடசாலைக் கட்டடத்தில் ஒதுங்கினர். அதற்கும் பெயர் தற்காலிகமே!

யாருக்குத் தற்காலிகம் என்று கேட்கிறோம். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு ஐந்தாண்டு ஒரு தவணை. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அதுவே பிறந்தது முதல் வாழ்ந்த வாழ்வு முழுவதும். பிள்ளைப் பருவத்தை ஒத்திவைக்க எந்தச் சுற்றறிக்கையாலும் இயலாது.

அத்துமீறிக் குடியேறியோருக்கு இதுவே அதிகம் என்போர் உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும், சாக்கடை அள்ளவும், வெள்ளவத்தை மாடிவீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் பகலெல்லாம் இம்மக்களை அழைக்கும் நகரம், இரவானதும் அவர்களை அத்துமீறியோர் என்கிறது! வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகார சபையே 2010களின் தொடக்கத்தில் கணக்கிட்டது. இத்தனை குடும்பங்களுமா குற்றவாளிகள்?

தொடர்மாடிகள் எழுந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயின் 400 சதுர அடிக்குள் மூன்று தலைமுறைகளை அடைத்தால், படிக்கும் பிள்ளை மாடிப்படியில்தான் அமரும்.

முடியாது என்பது பழைய பல்லவி. 1973இல் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்து, வாடகைக்கு இருந்தோர் பலரை வீட்டுக்காரராக்கிய நாடு இது. 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்திய நாடும் இதுவே. வசதியற்ற பெற்றோருக்கு வீட்டு விடயத்திலும் அரசு கைகொடுக்க வேண்டும் என்கிறது அதன் 27ஆம் உறுப்புரை.

நாம் இரக்கம் கோரவில்லை. ஒவ்வொரு தற்காலிகப் புகலிடத்தின் வாசலிலும் அது மூடப்படும் திகதி எழுதப்பட வேண்டும். அதுவரை தண்ணீரும், கழிப்பறையும், படிக்க வெளிச்சமுள்ள ஒரு மூலையும் வேண்டும். பிள்ளை அதே பாடசாலையில் தொடர வேண்டும். பின்னர், குடும்பத்தின் அளவுக்கேற்ற நிரந்தர வீடு வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை அதட்டுமுன், நேற்றிரவு எங்கே படுத்தாய் என்று கேளுங்கள். கேட்ட விடைகளை எழுதி ஒன்றுதிரட்டுங்கள். அவற்றோடு மாநகரசபையின் வாசலில் கூடுவோம். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து முடிவதற்குள் அந்த வாசல் திறந்தாக வேண்டும்.