பெர்மிட்டில் இடமில்லாத பிள்ளை

இந்த இதழில் வரும் சிறுகதையை மெய்ப்புப் பார்க்க அக்காவிடம் கொடுத்திருந்தேன். பதினோரு ஆண்டுகளாக நம் ஒற்றுப்பிழைகளைக் களைந்துவருபவர் அவர். படிகள் வழக்கம்போல் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "தம்பி, எழுத்துப் பிழை எல்லாம் திருத்திட்டேன். கதைய நான் ஒத்துக்கல. வயித்துல வந்தது உயிருதான். அதக் கலைக்கிறது கொலைதான்."

கதையில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி மூன்றாவதைக் கலைத்துவிட்டு வருகிறாள். மறுநாள் காலை பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறாள். எழுதியவர் அவளைத் தண்டிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. அக்காவுக்கு உறுத்தியது அந்தத் தலைவாரல்தான் என்று பிறகு சொன்னார்.

அக்கா கத்தோலிக்கர். ஆண்டுதோறும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குத் தவறாமல் போவார். மரியாளைப் பெற்ற அன்னம்மாள் நெடுங்காலம் பிள்ளையில்லாமல் தவித்தவர் என்பது மரபு. அக்காவும் ஒன்பது ஆண்டுகள் அப்படித் தவித்தவர். அவர் 'உயிர்' என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒன்பது ஆண்டுக் கண்ணீர் இருக்கிறது. பத்தாம்பசலித்தனம் என்று அதைத் தள்ளிவிட்டுப் போகிறவர் யாராயினும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

உயிர் எப்போது கூடுகிறது என்பதில் சமயங்களுக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை. திருச்சபை இன்று கருத்தரித்த கணம் முதலே மனித உயிராகப் போற்றச் சொல்கிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ், கருக்கலைப்பைப் பாவம் என்றவரே, உடல் உருப்பெற்ற பிறகுதான் மனித ஆன்மா அதில் சேர்கிறது என்று கருதினார். உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்ற பாகுபாட்டைத் திருச்சபையின் தண்டனை விதியிலிருந்து ஒன்பதாம் பயஸ் நீக்கியது 1869இல்தான். இஸ்லாமிய மரபில் 120 நாள் கணக்கு உண்டு. நம் நாட்டுத் தேசிய ஃபத்வா குழுவும் 2002இல் அந்தக் கணக்கை வைத்தே, அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிரக் கலைக்கக்கூடாது என்றது. நம் பக்கம் பார்த்தால், கருவழித்தலைப் பெரும்பாவங்களில் வைத்தவை தர்ம சாத்திரங்கள். கர்ப்ப உபநிடதமோ ஏழாம் மாதத்தில்தான் உயிர் வந்து கூடுகிறது என்கிறது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் முதல் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம்வரை கருவுக்கு வரும் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணி, அத்தனையிலும் பிழைத்து வந்ததைப் பாடுகிறார். அதை ஓதிப் பழகிய ஒருவருக்கு முதல் மாதக் கருவும் பிழைக்கப் போராடும் ஓர் உயிராகவே தெரியும். எனக்கும் அப்படித் தெரிந்ததுண்டு.

ஆகவே அக்காவோடு வாதாட நான் போகவில்லை. அவர் அன்னம்மாளை வணங்கும் அதே ஊரில் நடந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

2014 அக்டோபரில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளினிக்கில் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இளம்பெண் ஒருவர் அங்கே பிடிபட்டார். ஆறு வாரக் கரு. தண்டனைச் சட்டம் 315ஆம் பிரிவில், குழந்தை உயிரோடு பிறப்பதைத் தடுத்ததாக, அவர்மீது வழக்கு. ஓராண்டுச் சிறை என்று செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருக்கலைப்புக்காக இந்நாட்டில் ஒரு பெண் சிறை சென்றது அதுவே முதல்முறை என்று அப்போது பேசப்பட்டது. பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஏன் கலைச்சாளாம்?"

அந்தப் பெண்ணின் மனதில் இருந்ததை நான் சொல்ல முடியாது. அவரைப் போன்றவர்கள் எந்த விதியின்கீழ் இங்கே வாழ்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தால் 'தகுதியற்றவர்' என்ற முத்திரை விழும். பெர்மிட் போகும், வேலை போகும், ஊருக்குத் திரும்ப வேண்டும். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் மட்டும் அங்கே வட்டியோடு காத்திருக்கும். 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தம், கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. பேறுகால விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் குடிநுழைவு நிபந்தனை வேறொரு மேசையில் இருக்கிறது. அந்த மேசையில் கர்ப்பம் இன்னும் ஒரு நோய்தான்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "வயித்துல புள்ள இருந்தா வேல கெடையாதுன்னு எழுதி வச்சவன் யாரு? அவன ஏன் புடிக்கல?"

கருக்கலைப்பைக் கொலை என்று எழுதிய அதே கை. அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கருத்தை முழுதாக நம்புகிறவருக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும் என்பதைத்தான் அன்று நான் தெரிந்துகொண்டேன். கருவில் இருப்பது உயிர் என்றால், அதைச் சுமந்தபடி வேலை செய்ய விடாத நிபந்தனையும் அந்த உயிருக்கு எதிரானதுதானே? பிள்ளையைப் பெற்றால் நாட்டைவிட்டு வெளியேற்றம், கலைத்தால் சிறை. இரண்டுக்கும் நடுவே அவளுக்கு நாம் விட்டுவைத்த வழி எது?

இதைப் பினாங்குத் தமிழர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது? செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். 1910வரை அந்த ஒப்பந்தமுறை இங்கே உயிரோடு இருந்தது. பாலத்தில் போகும்போது தெரிகிற ஜெரஜாக் தீவில் நம்மவரை இறக்கி, நோய் இருக்கிறதா என்று உடம்பைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். ஓர் உடம்பு வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று அடுத்தவன் பார்த்து முத்திரை குத்துவது என்னவென்று நம் குடும்பக் கதைகளுக்குத் தெரியும். இன்று பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கு ஹாஸ்டல் பேருந்துகளில் போகும் பெண்களைப் பார்க்கும்போது அந்தக் கதைகள் நமக்கு நினைவு வர வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்பு இங்கே முழுக்கத் தடை என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அது தவறு. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இந்தியாவில் சட்டமாகி, 1871இல் ஜலசந்திக் குடியேற்றங்களுக்கு வந்த அதே 312ஆம் பிரிவு, எண்கூட மாறாமல், இன்றும் இருக்கிறது. ஆனால் 1989இல் அதில் ஒரு விலக்கு சேர்ந்தது. கர்ப்பத்தைத் தொடர்வது, கலைப்பதைவிட அதிகமாகப் பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு தரும் என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கலைக்கலாம். சுகாதார அமைச்சு 2012இல் தன் மருத்துவமனைகளுக்கு வழிகாட்டியும் வெளியிட்டது. இருந்தும் மருத்துவர்களிலேயே பலருக்கு இந்த விலக்கு தெரியாது என்பதை இனப்பெருக்க உரிமைக்காக இயங்கும் 'ராம்' கூட்டமைப்பு திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறது. சிங்கப்பூர் 1969இலும் இந்தியா 1971இலும் தனிச் சட்டமே இயற்றிக்கொண்டன. இலங்கை 1883ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியே நிற்கிறது, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அங்கே அனுமதி. நம் விலக்கு இவற்றுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. ஆனால் அதிலும் முடிவு மருத்துவருடையதுதான். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று சட்டம் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

என் பாட்டி பிறந்த தோட்டத்தில் கருக்கலைப்புக்குப் பெயரே கிடையாது. "நாள் தள்ளிப்போச்சு" என்பார்கள், பிறகு "வந்திருச்சு" என்பார்கள். இடையில் எள்ளும் பிஞ்சு அன்னாசியும் இன்னும் என்னென்னவோ. அடுத்த லயத்தில் ஒரு பெண் அப்படி ரத்தம் போய்ச் செத்ததைப் பாட்டி கடைசிவரை "வயித்து வலி" என்றே சொன்னார். அது வயிற்று வலி இல்லை என்று எனக்குச் சொன்னவர் என் அம்மா, அதுவும் பாட்டியின் கருமாதி முடிந்த பிறகு.

இதில் இந்த இதழின் நிலையை மறைக்க எனக்கு விருப்பமில்லை. உடம்பு அவளுடையது, பத்து மாதமும் அவளுடையது, அதற்குப் பின் வரும் இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் அவளுடையவை. முடிவும் அவளுடையதாக இருக்க வேண்டும். கருவுக்கு மதிப்பில்லை என்பதால் இதைச் சொல்லவில்லை. அந்த மதிப்பை அவளைவிட அருகில் நின்று அறிந்தவர் வேறு யாருமில்லை என்பதால் சொல்கிறேன். இதை ஏற்காத வாசகர்கள் பலர் என்பது தெரியும். 2016இல் போப் பிரான்சிஸ், கருக்கலைப்பு பெரும்பாவம் என்பதை மீண்டும் அழுத்திச் சொல்லிவிட்டு, அதற்குப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை எல்லாக் குருமார்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்தார். பாவம் என்று உறுதியாக நம்பிய ஒருவர் அந்தப் பெண்ணுக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தார். நம் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் அவளுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

அந்தக் குடிநுழைவு நிபந்தனையை நீக்கக் கோரி மனிதவள, உள்துறை அமைச்சுகளுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கருவை உயிர் என்பவரும் முடிவு பெண்ணுடையது என்பவரும் ஒரே தாளில் கையெழுத்திடக்கூடிய மனு அது. மொழிநடையைத் திருத்தியவர் அக்கா. முதல் கையெழுத்தும் அவருடையது. கடைத்தெருவில் நம் இதழ் விற்கும் கடையில் இம்மாத இறுதிவரை தாள் இருக்கும்.

கதையை மாற்றமில்லாமல் வெளியிட்டிருக்கிறோம். அக்காவின் மறுப்பு அதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது, அதிலும் ஒரு சொல் மாற்றவில்லை.