கடற்பாசியும் குடலும்



நோன்பு காலத்தில் நம் வீடுகளில் கடற்பாசி காய்ச்சாத நாட்கள் குறைவு. அண்மையில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தாயார் கேட்டனுப்பினார்: "கடற்பாசி குடல் புண்ணை ஆற்றுமாமே ஹஸரத், குளிசையை விட்டுவிட்டு அதையே சாப்பிட்டால் என்ன?" அவருக்குப் பல வருடங்களாகப் பெருங்குடல் அழற்சி. அவரைப் போல் இன்னும் பலர் இருக்கலாம் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

நம் குடலின் உட்சுவர் ஒரேயொரு வரிசைக் கலங்களால் ஆனது. அவை நெருக்கமாகப் பிணைந்து, உணவின் சத்தை உள்ளே விட்டு, கிருமிகளைத் தடுக்கின்றன. அழற்சி ஏற்பட்டால் அந்தப் பிணைப்பு தளர்கிறது. கிருமிகளின் நஞ்சு உள்ளே கசிய, அழற்சி மேலும் கூடுகிறது.

கபில நிறக் கடற்பாசிகளில் 'ஃபியூகொய்டன்' என்றொரு பொருள் உண்டு. 1913இல் சுவீடன் நாட்டு அறிஞர் கைலின் அதைப் பிரித்தெடுத்தார். ஆய்வுகூடத்தில் வளர்த்த குடற்கலங்களுக்கு அதைக் கொடுத்தபோது, பாதிப்புக்குள்ளான நிலையிலும் பிணைப்பு தளராமல் தாங்கியது. எலிகளிலும் குடல் அழற்சி தணிந்தது. அந்தத் தாயாரின் காதில் விழுந்த செய்தி இதுவாகத்தான் இருக்க வேண்டும். செய்தி பொய்யல்ல, ஆனால் பாதிதான்.

ஏனெனில் கண்ணாடித் தட்டிலுள்ள கலம் வேறு, மனிதனின் வயிறு வேறு. குடல் அழற்சிக்கு மருந்தாக ஃபியூகொய்டன் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மேலும், நாம் காய்ச்சுவது சிவப்புப் பாசியிலிருந்து வரும் 'அகார்'. அதில் ஃபியூகொய்டன் இல்லை. அகார் நமக்குச் சமிபாடடையாத நார்ப்பொருள். மலத்தை இளக்கும், அவ்வளவுதான். சிவப்புப் பாசியிலிருந்தே வரும் 'கராஜீனன்' என்பதைச் சிதைத்துக் கொடுத்தபோது, ஆய்வுகூட விலங்குகளின் குடலில் புண்ணே உண்டானது. ஆகவே கடலிலிருந்து வந்ததெல்லாம் குடலுக்கு மருந்தென்று எண்ணிவிடக் கூடாது.

சகோதரியே, உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டால் கடற்பாசியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சீனியை மட்டும் அளவோடு போடுங்கள். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடங்கியிருக்கும் நோய் மீண்டும் கிளம்பிவிடும். மலத்தோடு இரத்தம் போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். நோன்பு நோற்க வேண்டாமென்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மனக்குறையின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

உடம்பும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே.