புயலின் பேரால்

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தாம்பரம் ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டில்லியிலிருந்து திரும்பும் தாம்பரவாசி ஒருவர், தம் ஊருக்கு மேலேயே அரை மணி நேரம் வட்டமிட்டுவிட்டு, அன்றிரவு தலை சாய்க்கப் பெங்களூர் விமான நிலையத்தில் ஒரு நாற்காலியைத் தேடும்படி நேருவது இப்போது புதுமையல்ல. நாமும் அந்த அனுபவம் பெற்றவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை இரவில் நாம் ஏறி வந்த விமானம் பெங்களூருக்குத் திருப்பப்பட்டது. இறங்கவும் விடாமல், எப்போது புறப்படும் என்று சொல்லவும் செய்யாமல், மூன்று மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார்த்தி வைத்தார்கள். அறிவிப்புக்கள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் செய்யப்பட்டன. நமக்கு அடுத்த ஆசனத்தில் சேலையூருக்குப் போகவேண்டிய மூதாட்டி ஒருவர் இருந்தார், நீரிழிவுக்காரர். அவருடைய மருந்து விமானத்தின் அடிவயிற்றில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. "என்னப்பா சொல்றாங்க?" என்று அவர் நம்மைக் கேட்டார். இங்கிலீஷ் படித்திருந்தும், நம்மால் அவருக்குச் சொல்லக் கூடியது ஒன்றுமில்லை. ஏனெனில் அறிவித்தவர்கள் ஒன்றையும் சொல்லவில்லை.

விமானத்தைத் திருப்பிய விமானியின்மேல் நமக்கு யாதொரு குறையுமில்லை. ஓடுபாதையில் நீர் தேங்கினால் சக்கரம் பிடிமானம் இழக்கிறது. பக்கக் காற்று அளவு மீறினால் விமானம் பாதையிலிருந்து விலகுகிறது. மழைத் திரையில் ஓடுபாதை விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன. ஆகவேதான் ஒவ்வொரு விமானமும் போகவேண்டிய ஊருக்கு மட்டுமன்றி, மாற்று ஊர் ஒன்றுக்கும் போதுமான எரிபொருளை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறது. இறங்கலாமா கூடாதா என்பதில் விமானியின் சொல்லே முடிவு. அதில் கம்பெனியோ, அவசரப்படும் பிரயாணியோ தலையிடுவது பெரும் பிழை. 2024 ஜனவரியில் டில்லி மூடுபனியின்போது தாமதத்தை அறிவித்த விமானியைப் பிரயாணி ஒருவர் கைநீட்டி அடித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய செய்கைக்கு நாம் ஒருபோதும் வக்காலத்து வாங்கோம்.

நமது வழக்கு வேறு. விமானம் பத்திரமாகத் தரை தொட்ட பிறகு, அதிலுள்ள மனிதர்களுக்கு யார் பொறுப்பு?

புயல் என்பது தென்சென்னைக்குத் திடீர் விருந்தாளியல்ல. 2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முழுக அடித்ததோடு, விமான நிலையத்துக்குள்ளும் புகுந்தது. சென்னைக்கு வான்வழி அடைபட்டதால், அரக்கோணத்திலுள்ள கடற்படை விமானத்தளத்திலிருந்து பிரயாணிகளை ஏற்றிச் செல்ல வேண்டி வந்தது. மீனம்பாக்கத்தில் பிரயாணிகள் போக்குவரத்து 6-ந் தேதிதான் மீண்டும் தொடங்கிற்று. அந்த வெள்ளம் யாரும் எண்ணிப் பாராதது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பின் வந்தவை அப்படியா? 2016 டிசம்பர் 12-ல் வர்தா; 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம்; 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். ஒவ்வொன்றையும் வானிலை இலாகா முன்கூட்டியே அறிவித்தது. பெயரும் சூட்டி, போக்கையும் படத்தில் வரைந்து காட்டியது. மிக்ஜாமின்போது காலையில் மூடப்பட்ட நிலையம் மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திறக்கப்பட்டது. ஃபெஞ்சலின்போது நண்பகலில் மூடியது, மறுநாள் விடியுமுன்தான் திறந்தது. இவ்வளவு தெரிந்திருந்தும், பிரயாணியானவர் இடுப்பளவு நீரில் பெருங்களத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வந்து சேர்ந்த பிறகு, விமானம் ரத்து என்று அவருடைய கைபேசி சொல்வானேன்? மின்சார ரயிலும் நின்றுபோன அவ்வேளையில் அவர் வீடு திரும்புவதும் எப்படி?

இதற்குச் சட்டத்தில் மருந்து உண்டா என்று பார்த்தால், மருந்துச் சீசாவின்மேல் 'புயற்காலத்தில் உபயோகிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் 2010-ல் பிறப்பித்து 2019-ல் திருத்திய விதி, தாமதம் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்டால் குறுந்தூரப் பிரயாணிக்கு உணவு சிற்றுண்டி அளிக்கவேண்டும் என்கிறது. தாமதம் நீண்டு இரவு தங்க நேர்ந்தால் ஓட்டலில் இடமும் தரச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அதே விதி, வானிலையால் நேர்ந்த தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பதோடு நில்லாமல், தகுந்த முயற்சிகளெல்லாம் செய்தும் தவிர்க்க முடியாத அசாதாரண நிலைமையில் இந்த உணவு, இருப்பிடக் கடமைகளும் கம்பெனியைக் கட்டுப்படுத்தா என்று ஒரு ஷரத்தைச் சேர்த்திருக்கிறது. நஷ்டஈடு வேண்டாம் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். புயலுக்குக் கம்பெனி அபராதம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் புயல் அடித்தால் பிரயாணிக்குப் பசிக்காது என்பது எந்த ஊர் நியாயம்?

ஆங்கிலேயரின் சட்டத்தில் 'தெய்வச் செயல்' என்றொரு பழைய வாதம் உண்டு. அந்த வாதத்துக்கும் அதை ஒத்த விலக்குகளுக்கும் எல்லை கட்டியவர்களும் அந்த நாட்டு நீதிபதிகளே. 1872-ல் தீர்ப்பான நொட்டாரா வழக்கு வக்கீல்களுக்குத் தெரிந்ததே. அலெக்ஸாண்டிரியாவிலிருந்து கிளாஸ்கோவுக்குப் பயறு ஏற்றிச் சென்ற கப்பல், வழியில் லிவர்பூல் அருகே மற்றொரு கப்பலோடு மோதிற்று, பயறு நனைந்தது. மோதலுக்குக் கப்பல்காரர் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்திலேயே விலக்கு இருந்தது. எனினும், நனைந்த பயறை லிவர்பூலில் இறக்கி உலர்த்தியிருக்கலாமே, ஏன் உலர்த்தவில்லை என்று கேட்டு, அந்த நஷ்டத்தைக் கப்பல்காரர் தலையிலேயே நீதிமன்றம் கட்டியது. விபத்துக்கு மன்னிப்பு உண்டு, விபத்துக்குப் பின் காட்டிய அசட்டைக்கு மன்னிப்பில்லை என்பதே அதன் பொருள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு மூட்டைப் பயறுக்குக் கிடைத்த உரிமை, இன்று சேலையூர் மூதாட்டிக்கு இல்லை.

இது நடவாத காரியம் என்று கம்பெனிகள் சொல்லக்கூடும். ஐரோப்பாவில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே 2004-ம் ஆண்டின் 261-ம் எண் விதிப்படி, அசாதாரண நிலைமை நஷ்டஈட்டை மட்டுமே நீக்கும்; சோறும் படுக்கையும் தரும் கடமையை நீக்காது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடப்பட்டபோது, ஐரிஷ் கம்பெனி ஒன்று இது அசாதாரணத்திலும் அசாதாரணம் என்று வாதாடிப் பார்த்தது. 2013 ஜனவரி 31-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நியாயமாகவும் அவசியமாகவும் ஆன செலவைக் கொடுத்தே தீரவேண்டும், அதற்கு நாள் வரம்போ பண வரம்போ கிடையாது என்று தீர்ப்பளித்தது. அதனால் ஐரோப்பாவில் விமானங்கள் பறக்காமற் போய்விடவில்லை. புயல் நாளில் ஓட்டல் அறை அகப்படாது என்பது உண்மையே. அகப்படாததை யாரும் கேட்கவில்லை. ஒரு பொட்டலம் தயிர்ச் சாதமும், ஒரு போர்வையும், நிஜமான ஒரு வார்த்தையும் அகப்படாதவை அல்ல.

நமது சர்க்காருக்குக் கண்டிக்கத் தெரியாமலில்லை. மேலே சொன்ன 2024 ஜனவரி மூடுபனியில் கோவாவிலிருந்து டில்லி சென்ற விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. பிரயாணிகள் விமானங்கள் நிற்கும் திடலிலேயே தரையில் உட்கார்ந்து உண்ட காட்சி ஊரெங்கும் பரவியதும், கம்பெனிக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். தாமதம் மூன்று மணிக்கு மேற்படும் என்று தெரிந்தால் முன்னதாகவே ரத்துச் செய்யலாம், உண்மை நிலவரத்தை உடனுக்குடன் அறிவிக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. ஆனால் கவனியுங்கள்: அந்த அபராதம் பாதுகாப்பு விதியை மீறியதற்காக. திடலுக்குப் போகாமல் விமானத்துக்குள்ளேயே பட்டினியாக உட்கார்ந்திருந்தால் அபராதமும் இல்லை, செய்தியும் இல்லை.

வானிலை என்ற பழியை முழுவதும் வருணன்மேல் சுமத்துவதும் தகாது. 2018 ஜனவரியில் போகியன்று நம்மவர் கொளுத்திய டயரும் பிளாஸ்டிக்கும் பனியோடு கலந்து மீனம்பாக்கத்தை மறைத்ததால், அன்று காலை விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அது தெய்வச் செயலல்ல. பல்லாவரம் குரோம்பேட்டைச் செயல்.

பிரயாணிகள் செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. மருந்தையும் ஒரு வேளை உணவையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம். ஏனெனில் மழை ஓய்ந்த பின்னும் விமானம் கிளம்பாததற்குப் பல வேளைகளில் காரணம் மழையல்ல, வேலை நேர வரம்பைத் தாண்டிவிட்ட சிப்பந்திகளுக்கு மாற்று ஆட்களைக் கம்பெனி வைத்திராமையே. அதைத் தவிர்க்க முடியாத வானிலை என்று கொள்ளலாகாது. கம்பெனி தகுந்த முயற்சி செய்யவில்லை என்று விதியின் சொற்களைக் கொண்டே வாதாடலாம். நுகர்வோர் கமிஷனில் அந்தத் துண்டுச் சீட்டு பேசும்.

ஆயினும் தனி மனிதரின் சாமர்த்தியத்தை நம்பி விதியை ஓட்டையாக விட்டுவைப்பது சர்க்காருக்கு அழகல்ல. வானிலையின் பேரால் உணவு, இருப்பிடக் கடமையை ரத்துச் செய்யும் அந்த ஷரத்தை எடுத்துவிட வேண்டும். திருப்பப்பட்ட விமானத்தின் பிரயாணிகளைச் சென்னை கொண்டுவந்து சேர்க்கும் வரை, வானிலோ ரயிலிலோ பஸ்ஸிலோ, கம்பெனியே பொறுப்பென்று எழுத வேண்டும். சென்னைக்கு வரும் விமானத்தில் அறிவிப்பைத் தமிழிலும் செய்யவேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பார்லிமெண்டில் இதைக் கேட்பதற்கு அடுத்த புயலின் பெயர் வெளியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.