குறைத்து எழுதுவதற்குப் பெயர் திறமையா?

'சர்வேயர்' என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குச் சங்கிலி பிடித்து நிலம் அளக்க வருபவர்தான் நினைவுக்கு வருவார். அதே பெயரில் இன்னொருவரும் இருக்கிறார். லாரி மோதி நசுங்கிய காரையும், தீப்பிடித்த பஞ்சு குடோனையும், வெள்ளம் புகுந்த அரிசி ஆலையையும் பார்த்துவிட்டு, "இதில் நஷ்டம் இவ்வளவு" என்று எழுதிக் கொடுப்பவர். இன்சூரன்ஸ் சர்வேயர். சட்டம் அவருக்கு வைத்திருக்கும் முழுப்பெயர் 'சர்வேயர் அண்ட் லாஸ் அசெஸர்'. அமெரிக்காவில் இதே மாதிரி வேலை செய்பவரைக் 'கிளைம் அட்ஜஸ்டர்' என்கிறார்கள்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளிடம் இந்தத் தொழிலைப் பற்றி யாராவது பேசினால், பெரும்பாலும் மூன்று அறிவுரைகள் கிடைக்கும். ஒன்று, லைசென்ஸ் வாங்கு. இரண்டு, நாலு கம்பெனி மேனேஜர்களைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள். மூன்று, கிளைமைக் குறைத்து எழுது, வேலை தானாகத் தேடி வரும். முதலாவது சரி. இரண்டாவது பரிதாபம். மூன்றாவது அயோக்கியத்தனம். ஆனால் அந்த மூன்றாவதைத்தான் 'தொழில் ரகசியம்' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வேயரைக் கம்பெனியின் கையாளாகச் சட்டம் படைக்கவில்லை. 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யூஎம் பிரிவு, பெரிய கிளைம்களுக்கு லைசென்ஸ் உள்ள சர்வேயரின் அறிக்கை வேண்டும் என்கிறது. முன்பு 20,000 ரூபாயாக இருந்த வரம்பை 2015 விதிகள் வாகனத்துக்கு 50,000 என்றும், மற்றவற்றுக்கு 1 லட்சம் என்றும் உயர்த்தின. இந்த ஏற்பாடு எதற்காக? பணம் கொடுக்க வேண்டியவனே "இவ்வளவுதான் நஷ்டம்" என்று தீர்ப்பும் சொல்லக்கூடாது என்பதற்காக. வேறு காரணம் இல்லை.

லைசென்ஸும் சும்மா கிடைப்பதில்லை. இன்ஜினியரிங், சி.ஏ. போன்ற ஒரு படிப்பு வேண்டும். இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் சர்வேயர் தேர்வில் தேற வேண்டும். அனுபவமுள்ள சர்வேயர் ஒருவரிடம் 12 மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். அதன்பிறகே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. லைசென்ஸ் தரும். அதற்கான விதிகள் நடுநிலையும் நேர்மையும் வேண்டும் என்கின்றன. தனக்குச் சம்பந்தமுள்ள சொத்து என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. நஷ்டத்தை எப்படிக் குறைக்கலாம், எப்படித் தடுக்கலாம் என்று கம்பெனிக்கு மட்டுமல்ல, பாலிசிதாரருக்கும் ஆலோசனை சொல்லச் சொல்கின்றன. கிளைமைக் குறைத்துக் கொடு என்று மட்டும் எங்கேயும் இல்லை.

கழிப்பது வேறு, வெட்டுவது வேறு

உடனே ஒரு கேள்வி வரும். "அப்படியானால் கேட்ட தொகையை அப்படியே கொடுத்துவிட வேண்டுமா?" கூடாது. ஒப்பந்தப்படி கழிக்க வேண்டியதைக் கழித்தே ஆக வேண்டும். சாதாரண வாகன பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழியும். ஃபைபர் பாகத்துக்கு 30. கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து 50 சதவீதம் வரை போகும். இது பாலிசியில் அச்சடித்த கணக்கு. இதைச் செய்ய யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வெட்டு என்பது வேறு. ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். கடையில் 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு, பாலிசியோ 10 லட்சத்துக்கு. தீயில் 4 லட்சம் போச்சு. கைக்கு வருவது 2 லட்சம்தான். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, ஆகவே நஷ்டத்திலும் பாதி. இதற்குச் சராசரி விதி என்று பெயர். இதுவரை நியாயம். இப்போது இன்னொரு கடை. சரக்கும் 10 லட்சம், பாலிசியும் 10 லட்சம், நஷ்டம் 4 லட்சம். முழுதாக 4 லட்சம் வர வேண்டும். சர்வேயர் சரக்கு மதிப்பை 20 லட்சம் என்று ஏற்றி எழுதினால்? மறுபடியும் 2 லட்சம்! நஷ்டத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அறிக்கை பார்க்கச் சுத்தமாக இருக்கும். கடைக்காரருக்கு எங்கே அடி விழுந்தது என்றே புரியாது. இதுதான் திறமையா?

இன்னொரு உதாரணம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கார்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்த மாதிரி கிளைம்களில் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம், "வெள்ளத்தால் வந்த நஷ்டம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் பின்னால் வந்த நஷ்டம், பாலிசியில் சேராது" என்பது. அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரில் சேறு இருக்கிறதா, ராடு வளைந்திருக்கிறதா, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று பார்த்தால்தான் தெரியும். பிரித்துப் பார்த்து எழுதுபவர் சர்வேயர். பார்க்காமலே "சேராது" என்று எழுதுபவர்? ரப்பர் ஸ்டாம்ப்!

"பாலிசிதாரர்கள் பொய் சொல்கிறார்களே!"

சொல்கிறார்கள். யார் மறுத்தது? பழைய நசுங்கலைப் புது விபத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. விற்றுப்போன சரக்கை எரிந்துபோனதாகக் காட்டுபவர்கள் உண்டு. வொர்க்ஷாப்போடு சேர்ந்து பில்லை ஊதிப் பெருக்குபவர்களும் உண்டு. அந்தப் பணம் கடைசியில் நேர்மையாகப் பிரீமியம் கட்டுபவரின் பையிலிருந்துதான் போகிறது. ஆகவே பொய்யைப் பிடிக்கத்தான் வேண்டும். துருப்பிடித்த வெட்டையும் புது வெட்டையும் பிரித்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியருக்குத் தெரியும். கொள்முதல் பில்லையும் விற்பனைக் கணக்கையும் ஒத்துப் பார்க்க ஒரு ஆடிட்டருக்குத் தெரியும். பத்துப் பேரில் இரண்டு பேர் பொய்யர்கள் என்றால் அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பத்துப் பேருக்கும் இருபது சதவீதம் வெட்டுவது சோம்பேறித்தனம். அதிலும் பொய்யன் முன்கூட்டியே ஏற்றிக் கேட்டிருப்பான், தப்பித்துக்கொள்வான். உண்மை பேசியவர்தான் மாட்டுவார்.

நீதிமன்றமும் இதைப் பார்க்காமல் இல்லை. 2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கையே முடிந்த முடிவு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்குப் பிடித்த அறிக்கை வரும்வரை கம்பெனி சர்வேயர்களை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது, காரணம் சொல்ல வேண்டும் என்றது.

வேர் எங்கே?

எல்லாக் குற்றத்தையும் சர்வேயர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அவருக்கு வேலை கொடுப்பது யார்? கம்பெனி. ஃபீஸ் கொடுப்பது யார்? அதே கம்பெனி. அடுத்த மாதம் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதே கம்பெனி. இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு "நடுநிலையாக இரு" என்று விதி எழுதுவது வேடிக்கை. லைசென்ஸ் வாங்கிய முதல் வருடம், வாடகையும் பெட்ரோல் செலவும் கழுத்தை நெரிக்கும்போது, ஒரு இளம் சர்வேயர் யார் முகத்தைப் பார்த்து எழுதுவார்?

வழி இல்லாமல் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள் ஒரே ஆடிட்டர் நிறுவனத்தை இரண்டு ஐந்தாண்டுத் தவணைகளுக்கு மேல் தொடர்ந்து வைத்துக்கொள்ளக்கூடாது என்றது. பழக்கம் நடுநிலையைக் கெடுக்கும் என்பதால்தானே? அந்த நியாயம் சர்வேயருக்கும் பொருந்தும். தீ, கடல், வாகனம், பயிர் என்று சர்வேயர்களுக்குத் துறைகள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தந்த ஊரில், அந்தந்தத் துறையில் இருப்பவர்களை வரிசைப்படி கம்ப்யூட்டரே ஒதுக்கட்டும். ஃபீஸ் ஒரு பொது நிதி வழியாகப் போகட்டும். இதை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கட்டாயமாக்க வேண்டும். மேனேஜர் அறை வாசலில் காத்திருக்கும் அவசியம் அன்றைக்கே ஒழியும்.

அதுவரை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுதலாம். பாகத்தைப் பிரிக்கும் முன்பும் பின்பும் போட்டோ எடுத்து வைக்கலாம். நஷ்டப்பட்டவருக்கு அறிக்கையின் நகலைக் கொடுத்து, புரியும்படி விளக்கலாம். ஒருவேளை ஒரு மேனேஜர் கூப்பிடாமல் போகலாம். போகட்டும். எரிந்த கடை வாசலில் நிற்கும் மனிதருக்கு அந்த அறிக்கை அடுத்த வருட வாழ்க்கை. அதில் பொய் எழுதிச் சம்பாதிப்பதற்கு நாலு வருட இன்ஜினியரிங் படிப்பு எதற்கு? பிக்பாக்கெட்டுக்கு டிகிரி தேவையில்லையே!