சதுரங்கத்தில் புகுந்த சந்தேகப் பேய்

சதுரங்கம் ஆட வருகிறவரை வாசலில் நிறுத்தி, உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை முதுகிலும் இடுப்பிலும் ஓட்டிப் பார்த்து, பிறகே உள்ளே விட வேண்டிய காலம் வந்துவிட்டது. பெரிய பந்தயங்களில் இன்று இதுதான் நடைமுறை. செல்போன் மட்டுமல்ல, சில பந்தயங்களில் கைக்கடிகாரமும் சொந்தப் பேனாவும்கூட வெளியே தங்கிவிட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மௌனமாக மூளையைக் கசக்கிக் கொள்ளும் ஆட்டத்துக்குச் சுங்கச் சாவடிச் சோதனை எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

காரணம் யந்திரம். 1997-ம் வருஷம் மே மாதம் நியூயார்க் நகரில், ஐ.பி.எம். கம்பெனியின் 'டீப் புளூ' என்ற கம்ப்யூட்டர் உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் தோற்கடித்தது. அப்போது அந்த யந்திரம் ஆளுயரத்துக்கு மேற்பட்ட இரண்டு பீரோக்கள் அளவு இருந்தது. இன்று அதைவிடப் பன்மடங்கு வல்லமை படைத்த 'ஸ்டாக்ஃபிஷ்' என்ற புரோகிராம் சட்டைப் பையில் அடங்கும் செல்போனில் ஓடுகிறது, விலையும் கிடையாது. நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன் 2014-ல் எட்டிய 2882 புள்ளிகளே மனிதர் ஒருவர் தொட்ட உச்சம். யந்திரத்தின் பலத்தையோ 3500 புள்ளிகள் அளவில் வைத்து மதிக்கிறார்கள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1997-ல் தோற்ற காஸ்பரோவ், இரண்டாவது ஆட்டத்தில் யந்திரம் ஆடிய விதத்தைப் பார்த்து, அதற்குப் பின்னால் ஒரு மனிதனின் கை இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். இப்போது சந்தேகம் தலைகீழாகிவிட்டது. மனிதன் நன்றாக ஆடினால், அவனுக்குப் பின்னால் யந்திரம் இருக்குமோ என்கிறார்கள்.

கையும் களவுமாக

சந்தேகம் வெறும் கற்பனையல்ல. 2006-ல் டில்லியில் நடந்த பந்தயம் ஒன்றில், இந்திய ஆட்டக்காரர் ஒருவர் தொப்பிக்குள் புளூடூத் கருவியைத் தைத்து வைத்துக் கொண்டு ஆடி அகப்பட்டார். பத்து வருஷத் தடை கிடைத்தது. 2010-ல் ருஷியாவின் காந்தி-மான்ஸிஸ்க் நகரில் நடந்த ஒலிம்பியாடில் பிரெஞ்சுக் கோஷ்டியினர் செய்த காரியம் இன்னும் சாமர்த்தியமானது. பிரான்சிலிருந்த ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்புவார். அதைப் பெற்ற கோஷ்டித் தலைவர் மண்டபத்துக்குள் போய் ஏதாவது ஒரு மேஜைக்குப் பின்னால் நிற்பார். எந்த மேஜையோ, அதற்கேற்ற நகர்த்தல்! இது விசாரணையில் முடிவாகி மூவரும் தண்டிக்கப்பட்டனர்.

2015-ல் துபாயில் ஜார்ஜிய கிராண்ட் மாஸ்டர் ஒருவர் ஆட்டத்தின் நடுவே அடிக்கடி கழிப்பறைக்கு, அதுவும் ஒரே அறைக்குப் போய் வருவதை எதிராளி கவனித்துப் புகார் செய்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிய செல்போன் கிடைத்தது. என்னுடையதல்ல என்றார் அவர். ஆனால் போனில் அவருடைய சொந்த இன்டர்நெட் கணக்கே திறந்திருந்தது! 2019-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 58 வயது கிராண்ட் மாஸ்டர் ஒருவரும் கழிப்பறையில் செல்போனோடு சிக்கினார். அந்த வயதில் அவருடைய புள்ளிகள் ஏறிக்கொண்டே போனது பலரை ஏற்கெனவே உறுத்தியிருந்தது. இருவரும் பட்டத்தை இழந்தார்கள்.

இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லாவற்றிலும் ருசுவாக அமைந்தது தொப்பி, போன், குறுஞ்செய்தி போன்ற பொருள்கள்தாம். நன்றாக ஆடினார் என்பதே ருசு ஆகவில்லை. ஆனால் சதுரங்க உலகைக் கலக்கிய மிகப் பெரிய வழக்கில் அப்படிப்பட்ட பொருள் ஒன்றுமே அகப்படவில்லை.

53 ஆட்டங்களுக்குப் பிறகு

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே நார்வேக்காக ஆடிவிட்டுப் போன கார்ல்சன், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சின்க்ஃபீல்டு கோப்பைப் பந்தயத்தில் கலந்துகொண்டார். நீண்ட நேர ஆட்டங்களில் 53 முறை தொடர்ந்து தோல்வியே காணாதவர் அவர். செப்டம்பர் 4-ந் தேதி, வெள்ளைக் காய்களோடு ஆடியும், ஹான்ஸ் நீமன் என்ற 19 வயது அமெரிக்க இளைஞரிடம் தோற்றார். நீமனோ வேறொருவர் வராததால் இடம் பெற்றவர். அங்கே ஆடியவர்களில் புள்ளிகளில் கடைசி.

மறுநாள் கார்ல்சன் பந்தயத்தை விட்டே விலகினார். காரணம் சொல்லவில்லை. 'நான் பேசினால் எனக்கு ஆபத்து' என்ற பொருள்பட ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் பேசும் படத்தை மட்டும் வெளியிட்டார். அவ்வளவுதான், உலகமே மீதியைப் பேசிவிட்டது. நீமன் சாதனத்தை எங்கே ஒளித்திருந்தார் என்பது பற்றி, பத்திரிகையில் எழுதக் கூசும் வதந்திகளெல்லாம் கிளம்பின. சில நாள் கழித்து இருவரும் இன்டர்நெட் பந்தயம் ஒன்றில் மோதியபோது, கார்ல்சன் ஒரே ஒரு காயை நகர்த்திவிட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்து போனார். மாதக் கடைசியில்தான் வாயைத் திறந்தார். நீமன் ஒப்புக்கொண்டதைவிட அதிகமாக ஏமாற்றியிருக்கிறார் என்றும், அன்றைய ஆட்டத்தில் பதற்றமோ முழுக் கவனமோ இல்லாதவர்போல் காணப்பட்டார் என்றும் சொன்னார்.

நீமன் மாசற்றவர் அல்லர். 12 வயதிலும் 16 வயதிலும் இன்டர்நெட் ஆட்டங்களில் ஏமாற்றியதாக அவரே ஒப்புக்கொண்டார். நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கலாம் என்று செஸ் டாட் காம் கம்பெனி 72 பக்க அறிக்கை வெளியிட்டது. பின்னர் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனத்தின் விசாரணை அந்தத் தொகையை 32-லிருந்து 55 வரை என்று குறைத்தது. ஆனால் நேருக்கு நேர் பலகையில் ஏமாற்றினார் என்பதற்கு யாரிடமும் சாட்சியம் இல்லை. நீமன் 10 கோடி டாலர் நஷ்ட ஈடு கேட்டுத் தொடுத்த வழக்கை மிசௌரி கோர்ட் 2023 ஜூனில் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் ராஜி ஆயிற்று. செயின்ட் லூயிஸில் நீமன் ஏமாற்றினார் என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்று கார்ல்சன் ஏற்றுக்கொண்டார். காரணமின்றிப் பந்தயத்தை விட்டு விலகியதற்காகச் சம்மேளனம் அவருக்கு விதித்த அபராதம் 10,000 யூரோ. ஒரு இளைஞரின் பெயர் பதினைந்து மாதம் சந்தியில் நின்றதற்கு முன்னால் இது அற்பத் தொகை.

பதற்றமில்லாமல் ஆடுவது குற்றமென்றால், மின்னல் வேகத்தில் ஆடி எதிராளிகளைத் திணற அடித்த நம் ஆனந்தின் இளமைக்கால ஆட்டங்களும் குற்றந்தான். கார்ல்சனின் மனக்குறை நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் உலகச் சாம்பியனாக இருப்பவர் மௌனமாக எழுந்து போவதே ஒரு தீர்ப்பு ஆகிவிடுகிறது. பிராது என்று ஒன்று இருந்தால் பதில் சொல்லலாம்; மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது?

கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா? அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் ரீகன் அதைத்தான் செய்கிறார். ஆட்டக்காரரின் நகர்த்தல்களை யந்திரத்தின் நகர்த்தல்களோடு ஒப்பிட்டு, அவர் தரத்துக்கு இந்த ஒற்றுமை பொருந்துமா என்று பார்ப்பது அவர் முறை. நீமனின் பலகை ஆட்டங்களில் அவருக்குத் தவறு ஒன்றும் புலப்படவில்லை. மாதக் கணக்கில் யந்திரத்தைக் கேட்டு ஆடுகிறவனை இந்தக் கணக்கு பிடித்துவிடும். ஆனால் கிராண்ட் மாஸ்டர் ஒருவருக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு ஜாடை போதும். எந்தக் காய் என்றுகூடச் சொல்ல வேண்டாம். இந்த இடத்தில் நின்று யோசி என்று ஒரு இருமல் கேட்டாலே மிச்சத்தை அவரே கண்டுகொள்வார். ஒரு இருமலை எந்தக் கணக்கில் எழுதுவது? ஏமாற்றியவனைப் பிடிக்க முடியாத அதே சந்தில்தான், ஏமாற்றாதவன் தன்னை நிரூபிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறான்.

இன்டர்நெட் ஆட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். 2021-ல் தர்மத்துக்காக ஆனந்த் ஒரே சமயத்தில் பல பிரமுகர்களோடு இன்டர்நெட்டில் ஆடினார். இளம் தொழிலதிபர் ஒருவர் ஐந்து முறை உலகச் சாம்பியனான ஆனந்தையே தோற்கடித்துவிட்டார்! கம்ப்யூட்டரின் உதவி இருந்தது என்று மறுநாள் அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அது சிரித்து மறக்கக் கூடிய விஷயம்.

எலிஸ்டாவிலிருந்து

சிரிக்க முடியாத கதை விளாதிமிர் கிராம்னிக்கினுடையது. 2006-ல் ருஷியாவின் எலிஸ்டா நகரில் அவர் பல்கேரியாவின் டோபலோவுடன் உலகப் பட்டத்துக்காக ஆடினார். கிராம்னிக் ஐம்பது தடவைக்கு மேல் கழிப்பறைக்குப் போகிறார் என்று டோபலோவின் மானேஜர் புகார் கிளப்ப, நிர்வாகிகள் அவருடைய தனிக் கழிப்பறையைப் பூட்டிவிட்டனர். கிராம்னிக் ஆட மறுத்து ஐந்தாவது ஆட்டத்தை இழந்தார். கடைசியில் பட்டத்தை வென்றார். குற்றம் ஒன்றும் ருசுவாகவில்லை.

ஆதாரமற்ற சந்தேகம் எப்படிச் சுடும் என்பது அவருக்குத் தெரியும். அதே கிராம்னிக், சமீப வருஷங்களில் இன்டர்நெட் ஆட்டங்களின் புள்ளி விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சந்தேகத்தைக் கிளப்பினார். அவர்களில் ஒருவர் அமெரிக்க கிராண்ட் மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி. பல்லாயிரம் பேருக்கு இன்டர்நெட் வழியே சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனால் இனி நன்றாக ஆடினாலே ஜனங்கள் கெட்ட எண்ணம் கொள்வார்கள் என்று கடைசி ஒளிபரப்பில் மனம் நொந்து சொன்னார். 2025 அக்டோபரில், 29-வது வயதில் அவர் காலமானார். மரணத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த மாதம், நரோடிட்ஸ்கியைப் பற்றியும் செக் நாட்டு கிராண்ட் மாஸ்டர் நவாராவைப் பற்றியும் கிராம்னிக் பகிரங்கமாகக் கூறியவற்றுக்காக, சர்வதேசச் சம்மேளனமே தன் ஒழுங்குக் கமிஷனிடம் அவர்மீது பிராது கொடுத்தது.