நாரைக்கு எந்தக் குளத்தைக் காட்டுவோம்?

சத்திமுற்றப் புலவர் மதுரையில் குளிரால் நடுங்கிக்கொண்டே, வடக்கு நோக்கிப் பறக்கும் நாரையைத் தம் மனைவியிடத்துத் தூது விடுத்தார். தம்மூர்க் குளத்தில் இறங்கித் தங்குமாறு அதற்கு வழியும் சொன்னார். இன்று ஒரு புலவர் தூது விட எண்ணினால் எந்தக் குளத்தைக் காட்டுவார்? தூர்ந்த குளத்தையா? ஊர்க்குப்பை கொட்டிய குளத்தையா? பேருந்து நிலையமாகிவிட்ட குளத்தையா?

வேடந்தாங்கல் என்னும் பெயரிலேயே வேடன் இருக்கின்றான். தாங்கல் என்பது சிற்றேரி. வேடன் பெயர் தாங்கிய அவ்வேரியைப் பறவைகட்குப் புகலிடமாக்கியவர் மன்னர் அல்லர், அவ்வூர் உழவரே. ஆங்கிலப் படையினர் அங்குப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியபோது அவர்கள் வாளா இருந்திலர்; மாவட்டத் தண்டலரிடம் சென்று முறையிட்டனர். 1798-இல் தண்டலர் இலியோனல் பிளேசு அவர்தம் காப்புரிமையை ஏற்று எழுத்துச் சான்று வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பெற்றது. இந்திய அரசின் கானுயிர்க் காப்புச் சட்டமோ 1972-இல்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நகரத்தார் இகழ்ந்த மக்களை எட்டிப் பிடிக்கச் சட்டத்திற்கு 174 ஆண்டுகள் ஆயின!

அவர்களை அருளுடையார் என்று மட்டும் புகழ்ந்து அமைதல் பொருந்தாது. அவர்கள் கணக்கும் அறிந்தவர்கள். நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இடும் எச்சம் ஏரியில் கரைகின்றது. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து பயிருக்கு உரமாகின்றது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூடுதான் அங்கே, இரை அங்கில்லை. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. பல்லாயிரம் பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் உண்ணும் மீனும் நத்தையும் தவளையும் சுற்றுவட்டத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலுமே உள்ளன. அதனால்தான் 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலம் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வட்டத்தைச் சுருக்கி, வெளிப்புற 2 கிலோமீட்டரை விலக்கிவிடும் முன்மொழிவு 2020-இல் வெளிப்பட்டது, எதிர்ப்பும் மூண்டது. அடுக்களையை இடித்துவிட்டுப் படுக்கையறைக்குக் காவல் வைக்கும் அறிவை என்னென்பது!

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், தீபாவளி எனப்பெறும் வெடிநாளிலும் வெடியோசை எழுவதில்லை. அருகிலுள்ள வேட்டங்குடிக் காப்பிடத்துப் பறவைகள் வெருளும் என்பதற்காக அவ்வூரார் தாமே மேற்கொண்ட நோன்பு அது. பெரியோர்க்கு அது எளிது. கையில் மத்தாப்புக்கூட இன்றி இருக்கும் சிறுவர்க்கோ எளிதன்று. அவர்களும் காக்கின்றனரே! திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கீழே விழுந்த குஞ்சை எடுத்து மீனூட்டி வளர்க்கின்றனர் அவ்வூரார். எச்சத்தின் நாற்றம் முற்றமெல்லாம் வீசும். முகம் சுளிப்பவர் வெளியூரார்தாம்.

எம் வகுப்பில் ஒருநாள் பத்து நீர்ப்பறவைகளின் பெயர்களை எழுதச் சொன்னோம். பெரும்பாலோர் கொக்கு, வாத்து என்பவற்றோடு நின்றனர். வெண்மையாய் நிற்பதெல்லாம் அவர்கட்குக் கொக்கே. அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா என்று பெயர் பிரித்தறியாதவனுக்கு, இவற்றுள் ஒன்று ஊரைவிட்டு நீங்கிய ஆண்டு எப்படித் தெரியும்? பிழை மாணவருடையதன்று, அவர்களை ஏரிக்கரைக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்லாத எம்மனோருடையதே.

துலை (ஐப்பசி) மழையோடு பறவைகள் வரத் தொடங்கும். அதற்கு முன்பாக, அக்குதோபர் 2-ஆம் நாள் ஊராட்சிதோறும் ஊரவை கூடும். அன்பர்கள் தத்தம் ஊரவைக்குத் தவறாது செல்க. ஏரியின் வரத்துக்கால் எவ்விடத்தில் அடைபட்டுள்ளது, அடைத்தவர் யார் என்று கேளுங்கள். கருவேல மரங்களை ஏலத்திற்கு விடும்போது கூடுள்ள மரங்களை விலக்குமாறு கோருங்கள். கரையை அடுத்த வயல்களில் நஞ்சு தெளிப்பதைக் குறைப்பது பற்றி உழவரோடு கலந்து பேசுங்கள். முடிவுகளைத் தீர்மானப் பொத்தகத்தில் எழுதச் செய்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.